வெள்ளிவிழா மணநாளுக்கு நான்கு இரவுகள்: பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் எங்கே தங்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் முதல் வாரத்தில் எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைவடைகின்றன. பாரிசில் எனக்கிருக்கும் அலுவலக வேலை வெள்ளிக்கிழமை காலையில் முடிந்துவிடும். அதன்பின் செவ்வாய் வரை நான்கு இரவுகள் எங்கள் இருவருக்கும் மட்டுமே உரியவை. லுவார் பள்ளத்தாக்கில் ஓர் இரவு, பர்கண்டியில் ஓர் இரவு, லாவண்டர் வயல்களைப் பார்க்கப் புரோவான்சில் இரண்டு இரவுகள் என்று திட்டமிட்டிருந்தேன். அதைக் கேட்ட மனைவி, "நாள்தோறும் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதற்கா இவ்வளவு தூரம் போகிறோம்?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார், படிக்கட்டுகள்தாம் கடினம். இருவரும் சைவம், முட்டையும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவோம். சாலையின் வலப்பக்கத்தில் நான் இதுவரை கார் ஓட்டியதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

உங்கள் மனைவி சொன்னதே சரி. மூன்று வட்டாரங்களும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால், நான்கு நாட்களில் பாதி பயணத்திலேயே கழிந்துவிடும். முதலில் புரோவான்சை விட்டுவிடுங்கள். லாவண்டர் பூப்பது ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை. சோல்ட் போன்ற மேட்டுப் பகுதிகளில் ஆகஸ்ட் நடுவரை தாக்குப்பிடிக்கும். அக்டோபரில் அறுவடை முடிந்த சாம்பல் நிறப் புதர் வரிசைகளைத்தான் காண்பீர்கள்.

என் பரிந்துரை பர்கண்டி. அதிலும் போன் என்னும் சிறு நகரில் நான்கு இரவுகளும் தங்குவது. பாரிசின் கார் த லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் திஜோன். அங்கே வண்டி மாறினால் அரை மணிக்குள் போன். மதில் சூழ்ந்த பழைய நகரம் பெரும்பாலும் சமதளம் என்பதால் முழங்காலுக்குத் தொல்லை இராது. சனிக்கிழமை காலையில் கூடும் சந்தையைத் தவறவிடாதீர்கள்.

மணநாளுக்கு இந்த ஊரைச் சொல்வதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சராக இருந்த நிக்கோலா ரோலனும் அவருடைய மனைவி கிகோன் த சலானும் 1443இல் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை அங்கே இருக்கிறது. வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரையைப் படம்பிடித்துக்கொண்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் உள்ளே சென்று தரையைப் பாருங்கள். அங்குள்ள ஓடுகளில் இருவர் பெயர்களின் முதலெழுத்துகளும் பின்னிக் கிடக்க, "ஒரே" என்று பொருள்படும் சொல்லும் அதையடுத்து ஒரு விண்மீனும் பொறிக்கப்பட்டிருக்கும். "நீயே என் ஒரே விண்மீன்" என்று ரோலன் தம் மனைவிக்குச் சொன்ன சொல் அது. கணவர் 1462இல் இறந்தபின் மருத்துவமனைப் பணியில் ஈடுபட்டு வாழ்ந்த கிகோன், அங்குள்ள சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். நீண்ட கூடத்தின் இருபுறமும் சிவப்புத் திரையிட்ட கட்டில்கள், கோடியில் அந்த ஆலயம். படுத்தபடியே நோயாளிகள் வழிபாட்டைக் காணும்படி அமைத்திருக்கிறார்கள். நான் அங்கே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாம் மறுமொழி

ஒரே இடத்தில் தங்குங்கள் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் லுவாரை அவ்வளவு எளிதில் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தூர் நகரில் தங்கினால் ஷெனோன்சோ மாளிகைக்கு உள்ளூர் ரயிலிலேயே போய்விடலாம். நிலையத்திலிருந்து வாயில் நடக்கும் தூரம்தான். ஷேர் ஆற்றின் குறுக்கே பாலத்தின்மேல் கட்டப்பட்ட அந்த நீண்ட கூடத்தின் சன்னல்களில் நீரின் ஒளி அசைவதைப் பார்ப்பது தனி அனுபவம். லியனார்டோ டா வின்சி தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1519இல் உயிர்நீத்த அம்புவாசும் அருகிலேயே இருக்கிறது. எனினும் மாளிகை என்றாலே படிக்கட்டுகள் இருக்கும், கூட்டமும் இருக்கும். முழங்கால் வலியைக் கருதும்போது பர்கண்டியே முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் மறுமொழி

ஊர் எதுவானாலும் ஞாயிறு இரவையும் திங்களையும் முன்கூட்டியே திட்டமிட்டுவிடுங்கள். எங்கள் பயணத்தில் ஒரு ஞாயிறு மாலை, சிற்றூர் ஒன்றில் மூன்று உணவகங்களின் மூடிய கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்பி பிஸ்கட்டும் ஆப்பிளும் தின்று படுத்தோம். மற்ற நாட்களிலும் மதிய உணவு பெரும்பாலும் 12 முதல் 2 மணி வரைதான். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன் கிடைப்பது அரிது. வீட்டுக்காரர்களே அறை வாடகைக்கு விடும் "ஷாம்பர் தோத்" வகை இல்லங்களை நாடுங்கள். சட்டப்படி ஐந்து அறைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால் அமைதியாக இருக்கும், காலைச் சிற்றுண்டியும் வாடகையிலேயே அடங்கும். பல இல்லங்களில் இரவு உணவும் சமைத்துத் தருவார்கள். அறை பதிவு செய்யும்போதே, இறைச்சியும் மீனும் இறைச்சிச் சாறும் ஆகாது என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள்; "சைவம்" என்ற ஒற்றைச் சொல் போதாது. முட்டைதானே என்று பர்கண்டியின் புகழ்பெற்ற செவ்வைன் முட்டைக் குழம்பை வரவழைத்தால், அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் மிதக்கும். பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட "குஜேர்" என்னும் உப்பலான பண்டம் உங்களுக்கு ஏற்றது.

கார் ஒரே ஒரு நாளுக்குப் போதும். தானியங்கி கியர் வண்டி வேண்டுமென்றால் இப்போதே கேட்டு வையுங்கள், எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வலப்பக்கம் ஓட்டுவது அரைமணியில் பழகிவிடும்; பழகாதது வலப்புற முன்னுரிமை விதி. அறிவிப்புப் பலகை இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு, அது எவ்வளவு சிறிய சந்தானாலும், நீங்கள் வழிவிட வேண்டும். வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுடையது. வைன் சுவைக்க எண்ணினால் அதைக் கார் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மறுமொழி எழுதியவர் மீண்டும்

அந்தக் கார் நாளுக்கு ஷாத்தோநஃப் என்னும் குன்றின்மேல் ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் மேலேவரை போகலாம். அங்கிருந்து பர்கண்டிக் கால்வாய் கீழே ஒரு கோடாகத் தெரியும். வேறொரு நாளில், போன் நகரிலிருந்து பொம்மார், வொல்னே, மெர்சோ வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே செல்லும் மிதிவண்டிப் பாதையில் முடிந்தவரை நடந்துவிட்டுத் திரும்பலாம். அக்டோபரில் கொடிகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு இரவுகளும் போன் நகரிலேயே என்று முடிவு செய்துவிட்டோம். வெள்ளி மாலை சென்று சேர்ந்து, சனிக்கிழமை சந்தை, ஞாயிறு மருத்துவமனையும் இல்லத்திலேயே இரவு உணவும், திங்கள் காரில் ஷாத்தோநஃப். உணவு பற்றிய குறிப்பை அப்படியே மொழிபெயர்த்து இல்லத்தாருக்கு இன்று அனுப்பினேன். தரை ஓடுகளின் கதையை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை. அதை அங்கே நின்றுதான் சொல்லப் போகிறேன்.