மறு: படத்தில் வரும் 'நாய்ஸ்' – இரைச்சலா, நொய்யா?

நண்பர்களுக்கு வணக்கம். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகளை ஆங்கிலத்தில் 'நாய்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இங்கே பேச்சு.

> ஒளிப்படத்திலும் 'இரைச்சல்' என்றே வைத்துக்கொள்ளலாம். நிலைத்துவிட்ட சொல்.

நிலைத்த சொல்தான் ஐயா, ஆனால் ஒலிக்கு. படத்தைக் காட்டி "இரைச்சலாக இருக்கிறது" என்றால் பக்கத்தில் இருப்பவர் காதைத்தான் தீட்டுவார்.

போன வாரம் விடிகாலை நாலரை மணிக்குத் தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் நின்றிருந்தேன். லாரி மேலிருந்து ஒருவர் பரங்கிக்காயைத் தூக்கிப் போட, கீழே ஒருவர் ஏந்திப் பிடிக்கிறார். வெளிச்சம் ஒரு கடையின் டியூப் லைட் மட்டும். லென்ஸின் துளையை எஃப்/2 வரை அகலத் திறந்தும், ஐஎஸ்ஓ (படத்தை எவ்வளவு வெளிச்சமாக்கிக் காட்டுவது என்ற கேமரா அளவு) 1600இல் ஷட்டர் வேகம் 1/60 நொடிதான் கிடைத்தது. காய் ஒரு மஞ்சள் இழுப்பாக வந்தது. ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி ஷட்டரை 1/250 நொடி வைத்தேன். காய் அந்தரத்தில் நின்றது, பிடிப்பவரின் பத்து விரலும் விரிந்தபடி. ஆனால் லாரியின் நிழல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி. வீட்டில் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னடா இது, நொய்யைக் கொட்டினாப்ல இருக்கு!"

நொய் என்றால் உடைந்த அரிசி. எனக்கு அதற்கு மேல் அகராதி தேவைப்படவில்லை.

ஃபிலிமில் தெரியும் 'கிரெய்ன்' (பொடித்துகள்) வேறு சங்கதி. அது வெள்ளி உப்புப் படிகங்களால் வருவது. படமே அதனால் ஆனது. அதற்கு 'மணி' பொருந்தும். டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் கூடுவதில்லை, வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒளி குறைந்த இடத்தில் புள்ளிக்குப் புள்ளி இருக்கும் ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருகித் தெரிகிறது. முழு மணி ஃபிலிமுக்கு, உடைந்த நொய் டிஜிட்டலுக்கு.

> 'நாய்ஸ்' என்பதன் வாலை வெட்டி நொய் ஆக்கியது போல இருக்கிறதே?

ஒலி ஒத்துப்போனது தற்செயல். அதில் எனக்கு வருத்தமும் இல்லை, நினைவில் நிற்க உதவும்.

கூட்டுச்சொல்லுக்கும் வளைகிறது. புள்ளிகள் நிறம் மாறித் தெரிவதை நிறநொய் எனலாம். மென்பொருளில் நொய்யை நீக்குவதற்கு 'கொழித்தல்'. ('புடைத்தல்' என்று எழுதிய தோழிக்கு: புடைத்தால் உமியும் தூசும் போகும், கொழித்தால்தான் நொய் பிரியும்.) அந்தப் பரங்கிக்காய்ப் படத்தைக் கொழிக்கப் போய், பிடிப்பவரின் முகத்தில் மூன்று நாள் தாடி மழுங்கி மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது. கொழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். தெருவில் எடுக்கும் படத்துக்கு விரல்தான் முக்கியம், நிழலின் வழவழப்பு இல்லை என்பது என் கட்சி.

பொறியாளர் நண்பர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஒலிக்கும் படத்துக்கும் கணக்கு ஒன்றுதான், பாடநூலில் இரண்டு சொல் வைத்தால் மாணவர் குழம்புவார் என்கிறார். சரி, அங்கே இரைச்சலே இருக்கட்டும். கேமராவும் கையுமாகப் பேசும் இடத்தில் நொய் என்போம்.

அப்புறம், ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுத்தால் ஒரே இடத்தில் பளிச்சென்று நிற்கும் ஒற்றைப் புள்ளிக்கு என்ன பெயர்? அரிசியில் கிடக்கும் 'கல்' என்கிறான் என் தம்பி. அதைத் தனி இழையில் பேசுவோம்.