டின்ல அடைச்ச மாங்கூழ் எப்படி கெடாம இருக்குது? இத கண்டுபுடிச்சது யாரு?

பர்கூர்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். இந்த சீசனுக்கு கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் பேக்டரில வேலைக்கு சேந்திருக்கேன். பெங்களூரா ரக மாம்பழக் கூழ 3.1 கிலோ டின்ல சூடா ஊத்தி, மூடி, கொதிக்கிற தண்ணில விட்டு எடுத்து, ஆற வெச்சு குடோன்ல அடுக்கறாங்க, அவ்ளோதான். ஏசி கூட கெடையாது. மருந்து எதாச்சும் கலக்கறீங்களான்னு சூப்பர்வைசர கேட்டா ஒண்ணும் இல்லப்பா, போய் வேலைய பாருங்கறாரு. எங்க வீட்ல காலைல வெச்ச சாம்பார் மறுநாளே நுரைச்சு போவுது, இது மட்டும் வருசக்கணக்கா எப்படி தாங்குது?

ஓய்வு_வாத்தியார்:
தம்பி, மருந்து தேவையே இல்ல, சூடும் சீலும்தான் வேலை. மொதல்ல செஞ்சு காட்டினவர் பிரான்ஸ்ல நிக்கோலா அப்பேர்னு ஒரு மிட்டாய்க்காரர். வாய் அகலமான கண்ணாடி பாட்டில்ல சாப்பாட்ட போட்டு, தக்கையால அடைச்சு கம்பி கட்டி, வெந்நீர்ல வேக வெச்சாரு. கடல்ல மாசக்கணக்கா போற கப்பல்காரங்களுக்கு பெரிய தலைவலியே சாப்பாடுதான், அதனால கடற்படையே வாங்கி சோதிச்சு பாத்துச்சு. 1810ல அரசாங்கம் 12,000 பிராங்க் குடுத்து, முறைய புத்தகமா போட வெச்சுது. ஆனா ஏன் கெடலன்னு அவருக்கே தெரியாதுப்பா! காத்த வெளிய தள்ளிட்டதாலன்னு நெனச்சாங்க. கிருமிதான் காரணம்னு பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் நிரூபிச்சது 1860கள்ல, அப்பேர் செத்து இருவது வருசம் ஆனப்புறம்.

தகர டின் அதே 1810ல இங்கிலாந்துல, பீட்டர் டுராண்ட் பேர்ல பேடன்ட். 1813 வாக்குல லண்டன்ல டான்கின்னு ஒரு இன்ஜினியரோட கம்பெனி ராணுவத்துக்கும் கடற்படைக்கும் டின் சாப்பாடு குடுக்க ஆரம்பிச்சுது. இதுல தமாஷ் என்னன்னா டின் வந்துடுச்சு, ஓப்பனர் வரல 😄 உளியும் சுத்தியலும் வெச்சு தட்டி திறங்கன்னு டின் மேலயே எழுதி வித்தாங்க. ஓப்பனருக்குன்னு பேடன்ட் வர 1850கள் ஆச்சு.

மெயின்டெனன்ஸ்_அண்ணா:
வாத்தியார் சொன்னதோட இன்னொண்ணு. மாங்கூழ்ல புளிப்பு இருக்கறதால 100 டிகிரி சூடே போதும். பிஎச்ங்கறது புளிப்ப அளக்கற எண்ணு, கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தி; அது 4.6க்கு கீழ இருந்தா ரொம்ப ஆபத்தான கிருமி வளராது. கறி, மீன், பீன்ஸ் மாதிரி புளிப்பில்லாதத அடைக்கணும்னா 121 டிகிரி வேணும், அதுக்கு பிரஷர்ல ஏத்தற ரிட்டார்ட் வேணும், நம்ம குக்கர் தத்துவம்தான். எவ்ளோ சூட்ல எவ்ளோ நேரம்னு கணக்கா அளந்து பாத்தது அமெரிக்கால எம்.ஐ.டி.ல, 1895 வாக்குல, பிரஸ்காட்னு ஒருத்தரும் அண்டர்வுட்னு ஒருத்தரும், அதுவரைக்கும் அனுபவ கைவாகுதான். அப்புறம் அந்த சீமிங் மிஷின நல்லா பாருப்பா, மூடி விளிம்பும் டின் விளிம்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிஞ்சு நசுங்குதுல்ல, ஷிப்ட்டுக்கு ஷிப்ட் நாங்க ரெண்டு டின்ன அறுத்து அந்த மடிப்ப அளந்து பாப்போம். லேசா பெசகினாலும் ஆறும்போது வெளித்தண்ணிய உள்ள உறிஞ்சிடும், அப்ப எவ்ளோ கொதிக்க வெச்சும் பிரயோஜனம் இல்ல. பழைய காலத்துல இத ஈயம் கலந்த சால்டர் வெச்சு கையால ஒட்டினாங்களாம், நெனச்சாலே பயமா இருக்கு.

காவேரிப்பட்டணம்_தோப்பு:
என்ன இருந்தாலும் பிரிட்ஜ்தாங்க பெரிய கண்டுபிடிப்பு, டின்ன எல்லாம் அதுக்கு அப்புறம்தான் சொல்லணும்.

மெயின்டெனன்ஸ்_அண்ணா:
அண்ணா, உங்க தோப்பு பெங்களூராவ பிரிட்ஜ்ல வெச்சா சவுதிக்கு அனுப்புவீங்க? நம்ம ஊர்ல சீசன் முடிஞ்சும் லாரி ஓடுதுன்னா இந்த டின்னாலயும் 215 கிலோ டிரம்மாலயும்தான்.

காவேரிப்பட்டணம்_தோப்பு:
ஓடுது ஓடுது, கூழ் கெடாம நிக்குது, எங்க காய் ஒரே வாரத்துல அழுவிடும், அது தெரிஞ்சுதான மண்டில வெலைய அமுக்கறாங்க. காய நிறுத்தி வெக்கவும் எதாச்சும் கண்டுபுடிச்சா சொல்லுங்க.

பர்கூர்_பையன்:
ரொம்ப நன்றிங்க. ஒரு டவுட்டு, குடோன்ல சில டின் மூடி உப்பி நிக்குது, அத என்ன பண்றது?

மெயின்டெனன்ஸ்_அண்ணா:
கூழ் உள்ள கேஸ் சேந்திருக்குன்னு அர்த்தம். திறக்காத, நக்கி பாக்காத, தனியா எடுத்து வெச்சு தரம் பாக்கற கியூசி ஆளு கிட்ட பேட்ச் நம்பரோட சொல்லிடு, ஒரே நம்பர்ல நாலஞ்சு உப்பினா அந்த பேட்ச்சையே நிறுத்தணும்.