டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் உங்களை நிறுத்திவைத்தது எது?

குமரன்:
ஹரப்பா கூடம். அங்கே இருக்கிற வெண்கலச் சிலை, நடன மங்கை, ரொம்பச் சின்னவள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்படியும் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். பள்ளிப் புத்தகத்தில் பார்த்தவள், மனதுக்குள் என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தாள் போல. திரும்பி வந்து பார்த்தால் பத்தரை சென்டிமீட்டர்! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை விரித்து அளந்து பார்த்தேன், அதற்குள் அடங்கிவிட்டாள். இடக்கை முழுக்க வளையல். வலக்கையில் நாலே நாலு, அந்தக் கை இடுப்பில். "என்ன இப்போ?" என்று கேட்கிற மாதிரி ஒரு நிற்பு. நாலாயிரம் வருஷமாகியும் திமிர் குறையவில்லை.

தேன்மொழி:
நடனம் என்று யார் கண்டது, குமரன்? 1926-ல் மொகஞ்சதாரோவில் கிடைத்தபின் தொல்லியல்காரர்கள் வைத்த பெயர்தானே? அவள் பாட்டுக்கு நிற்கிறாள்.

என்னை நிறுத்தியது மொகஞ்சதாரோ மாலை. பிரிவினைக்குப் பின் பங்கு போட்டபோது மணிகளைப் பிரித்து இரண்டு நாட்டுக்கும் பாதிப் பாதி கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவின் காசுமாலைதான் ஞாபகம் வந்தது. நானும் அக்காவும் தரையில் துண்டு விரித்து, ஒவ்வொரு காசாக எண்ணிப் பிரித்துக்கொண்டோம். கடைசியில் ஒரு காசு மிஞ்சியது. யார் எடுத்தது என்று எழுதினால் அக்கா சண்டைக்கு வருவாள்.

சுந்தரம்:
நான் போனது திங்கட்கிழமை. திங்கள் விடுமுறை. கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். முதல் கூடத்திலேயே ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் நின்றால், வெண்கலச் சிலைகளுக்கு வரும்போது கால் விட்டுப்போகும். குமரன் மாதிரி அளந்துகொண்டு நிற்க வேண்டாம். நாலு பொருளை முன்பே தீர்மானித்துக்கொண்டு போங்கள். பழகிய செருப்பு போதும், புதுசு கடிக்கும். பிள்ளைகளை முதலிலேயே சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். செல்போனில் எடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பவர்கள் அப்புறமும் பார்ப்பதில்லை.

கயல்:
உள்ளேயே போகாதவர் இவ்வளவு சொல்கிறாரே!

எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் பக்கத்துத் திருவரங்குளம் நடராஜர் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறார், சோழர் காலச் செப்புத் திருமேனி. வழக்கமாகத் தூக்கிய திருவடியைத்தானே கண் முதலில் தேடும்? தேடினேன், காணோம். இரண்டு காலும் கீழே கிடக்கும் குள்ளன் முயலகன் மேலேயே இருக்கின்றன. சதுர தாண்டவமாம். பூ இல்லை, பட்டு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. முழங்கால் மடிப்பு வரை அப்படியே தெரிகிறது. கோயிலில் இருந்திருந்தால் இதையெல்லாம் நான் பார்த்திருக்கவே முடியாது. அந்த நினைப்பே ஒரு மாதிரி இருந்தது. கை தானாகக் கும்பிட்டுவிட்டது. சுற்றிப் பார்த்தேன். காவலாளி மட்டும் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

குமரன்:
சுந்தரம் சார், மறுபடி போனாலும் அளப்பேன். தேன்மொழி, அந்த மாலை எந்தப் பக்கம் இருக்கிறது? அதையும் தாண்டித்தான் வந்திருக்கிறேன்.