கொழும்பு நிறுவனத்தில் கனிஷ்ட சட்டத்தரணிக்குக் கையில் எவ்வளவு வரும்?

கல்லடியான்:
அண்மையில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த என் மகளுக்கு, கொழும்பிலுள்ள பெரிய சட்ட நிறுவனமொன்று மாதம் 160,000 ரூபாய் தருவதாகக் கடிதம் அனுப்பியுள்ளது. கழிவுகள் போகக் கையில் எவ்வளவு வரும்?

வாவிக்கரை:
அண்ணன், முழுத்தொகையும் அடிப்படைச் சம்பளமென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாக 12,800 ரூபாய் கழியும். 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரை வரியில்லை என்பதால், மிகுதி 10,000 ரூபாய்க்கு 6 வீதமாக 600 ரூபாய் மட்டுமே வரி. ஆகவே 146,600 வரும். சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்தவேண்டிய 12 வீதத்தையும் அந்த 160,000க்குள் அடக்கிவிட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் செய்தார்கள்.

களுவாஞ்சி:
நான் மட்டக்களப்பில் சீனியர் ஒருவரிடம் நின்ற காலத்தில் மாதச் சம்பளமே இல்லை. வழக்கு முடிந்த மாலையில் கோப்புக்குள் மடித்துத் தரும் தாள்கள்தான் வருமானம், சேமலாப நிதி என்ற பேச்சுமில்லை. எனினும் வீட்டுச் சோறு இருந்தது. கொழும்பு வெள்ளவத்தை அறை வாடகையைக் கழித்தபிறகே ஒப்பிடுங்கள்.

கல்லடியான்:
கடிதத்தை மறுபடி பார்த்தேன். அடிப்படை 110,000, மீதி போக்குவரத்துப் படி.

வாவிக்கரை:
அப்படியானால் சேமலாப நிதிக்கு 8,800 மட்டுமே கழியும், வரி அதே 600தான், கையில் 150,600 வரும்; ஆனால் நிறுவனத்தின் 12 வீதமும் 110,000க்கே கணக்கிடப்படுவதால், அந்த நிதியில் மகளின் பெயரில் சேரும் பணம் மாதம் 10,000 ரூபாய் குறையும்.