பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் 200 கிலோ பைக்: உங்கள் அனுபவம் என்ன?

அல்சூர்வாசி:
அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மூன்று ஆண்டுகளாக 648 சிசி இரட்டை சிலிண்டர் வண்டியில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். அதன் 47 குதிரைத்திறனை நம்பித்தான் வாங்கினேன். ஆனால் டொம்லூர் தாண்டி, கோரமங்களா வழியாக சில்க் போர்டு வந்து சேரும்வரை அந்தத் திறனுக்கு வேலையே இல்லை, 200 கிலோவுக்கு மேற்பட்ட எடையைச் சமாளிப்பதுதான் வேலை.

சென்ற ஆண்டு ஒரு மழை நாளில், ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஹேண்டில் இடப்பக்கம் திரும்பியிருந்ததைக் கவனிக்காமல் முன்பிரேக்கைப் பிடித்துவிட்டேன். முன்சக்கரம் நின்றதும் வண்டி இடப்பக்கம் சரிய, நான் காலை ஊன்றித் தாங்கப் பார்த்தேன். பக்கத்து ஆட்டோக்காரர், "தம்பி, கால வெச்சுத் தாங்காதீங்க, விட்டுடுங்க!" என்று கத்தினார். விட்டேன், கால் தப்பியது, கிளட்ச் லீவர் மட்டும் வளைந்தது. தருமபுரிக்காரரான அவரே இறங்கி வந்து தூக்கும் முறையையும் காட்டினார்: இருக்கையில் முதுகைச் சாய்த்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பற்றி, இடுப்புக்கு வேலை கொடுக்காமல் தொடை பலத்தால் பின்னோக்கி அடியெடுத்து வைத்தால், அவ்வளவு பெரிய வண்டியும் எழுந்துவிடுகிறது. அன்றிலிருந்து ஊர்ந்து செல்லும்போது முன்பிரேக்கைத் தொடுவதில்லை. அரைக் கிளட்சும், லேசாக அழுத்திய பின்பிரேக்கும்தான்.

பெல்லந்தூர் அண்ணன்:
எடையோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. என்னுடையதும் காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் எஞ்சின்தான். வண்டி ஓடினால்தான் அதற்குக் காற்று கிடைக்கும் என்பதால், ஏப்ரல் மாதத்தில் மாரத்தஹள்ளிப் பாலத்தருகே நின்றால் அனல் முழுவதும் தொடையில் ஏறுகிறது. சிக்னலில் 60 நொடிக்கு மேல் காட்டினால் அணைத்துவிடுகிறேன்.

நிறுத்துமிடமும் ஒரு பாடம். அலுவலக அடித்தளத்தின் சரிவில், சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டு, மாலையில் மேட்டுப்பக்கம் பின்னால் தள்ள முடியாமல் காவலாளிகள் இருவரை அழைக்க வேண்டியிருந்தது. இப்போது பின்சக்கரம் சுவரை ஒட்டியிருக்கும்படிதான் நிறுத்துகிறேன். ஒரு கேள்வி: வண்டி வலப்பக்கம் விழுந்தால் எப்படித் தூக்குவது?

அல்சூர்வாசி:
அண்ணா, எஞ்சினை அணைத்து, வண்டியைக் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிடுங்கள். அப்போதுதான் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்டில் போய் நிற்கும்.