9 பிரிவு, 9 விதமான நியூஸ்லெட்டர்: எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

ஓசூர்வாசி கேட்டது:

எங்கள் கம்பெனிக்கு ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள், சென்னையில் தலைமை அலுவலகம். ஊழியர்களுக்குப் போகும் மெயில் நியூஸ்லெட்டர் மட்டும் 9. ஹெச்ஆர் பச்சை, பாதுகாப்புப் பிரிவு சிவப்பு, கேன்டீன் கமிட்டிக்குக்கூடத் தனி டிசைன். லோகோவே 4 விதமாக இருக்கிறது.

போன வருடம் 40 பக்கத்துக்கு விதிமுறை பிடிஎஃப் ஒன்று தயாரித்துக் கொடுத்தேன். யாரும் திறக்கவில்லை. பழைய மெயிலை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள்.

போன மாதம் ஒரு சூப்பர்வைசர் தன் கம்ப்யூட்டரைக் காட்டினார். கண் பரிசோதனை முகாம் பற்றிய மெயில், முழுக்க ஒரே போஸ்டர் படம். அவருடைய அவுட்லுக்கில் வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரிந்தது. முகாம் நடந்ததே அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து இது எனக்கு அழகு பற்றிய விஷயமாகவே தோன்றவில்லை. எங்கே தொடங்குவது?

டேபிள்காரன்:

பிடிஎஃப்பை விடுங்கள், நிரப்பி அனுப்பக்கூடிய அச்சை (டெம்ப்ளேட்) கொடுங்கள். நாங்கள் 6 துண்டுகள் மட்டும் செய்தோம்: தலைப்பு, முக்கியச் செய்தி, படத்துடன் சிறு குறிப்பு, தேதி-இடம் கட்டம், பட்டன், அடிப்பகுதி. தலைப்பும் அடிப்பகுதியும் பூட்டியிருக்கும். நடுவில் எதை வேண்டுமானாலும் அடுக்கலாம். லோகோவைத் தொட வழியே இல்லை என்றால் லோகோ மாறாது.

அகலம் 600 பிக்சல், உள்ளே எல்லாம் ஹெச்டிஎம்எல் டேபிள் (வரிசை-பத்தி கட்டங்கள்). பழைய பாணி என்று உங்கள் வெப் டீம் சொல்லும், கேட்காதீர்கள். விண்டோஸின் கிளாசிக் அவுட்லுக் 2007 பதிப்பிலிருந்து வேர்டின் எஞ்சினை வைத்துத்தான் மெயிலைக் காட்டுகிறது, புதிய வெப் வடிவமைப்பு முறைகள் பலவும் அதற்குப் புரியாது. நாங்கள் மெயில் வடிவமைப்புக்கென்றே உள்ள எம்ஜெஎம்எல் மொழியில் எழுதினோம், டேபிளை அதுவே உருவாக்கித் தரும்.

வெளியிலிருந்து வரும் படங்களை அவுட்லுக் தானாக இறக்காது. அந்த வெள்ளைக் கட்டத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும். தேதி, நேரம், இடம் மூன்றும் எழுத்தாகவே இருக்க வேண்டும். இதில் மட்டும் யாருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள்.

யாழினி_மெயில்:

அக்கா, தமிழிலும் அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் ஆங்கில அச்சில் தமிழை ஊற்றிப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். 'ரிஜிஸ்டர்' என்பதற்கு அளவெடுத்த பட்டனில் 'பதிவு செய்யுங்கள்' இரண்டு வரியாக மடங்கும். வரி உயரத்தை இறுக்கி வைத்தால் 'கீ'யின் கொக்கி வெட்டுப்படும். 1.6 மடங்கு வைத்துப் பாருங்கள். எழுத்துருவுக்கு நிர்மலா யூஐ, அதற்குப் பின் லதா. விண்டோஸுக்கு அது போதும்.

இன்னொன்று. மெயிலின் ஹெச்டிஎம்எல் 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும். யூடிஎஃப்-8 என்ற வழக்கமான எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான். சில மென்பொருள்கள் அதையே எண் குறியீடாக (க என்பதை க என்று) மாற்றும், அப்போது 7 பைட். எங்கள் பொங்கல் இதழில் கடைசி இரண்டு செய்திகள் இப்படித்தான் காணாமல் போயின.

ஓசூர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. தமிழும் உண்டு, ஆலைகளில் அதைத்தான் படிக்கிறார்கள். முதலில் தேதி-இடம் கட்டத்தை மட்டும் தமிழில் செய்து, அதே சூப்பர்வைசருக்கு அனுப்பிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: ஏழாவது துண்டு வேண்டும் என்று ஒரு பிரிவு கேட்டால்?

டேபிள்காரன்:

2 பிரிவுகள் சேர்ந்து கேட்டால் செய்து கொடுப்போம். ஒரு பிரிவுக்கு மட்டும் என்றால் இருக்கும் 6இல் எது பொருந்தும் என்று அவர்களுடன் உட்கார்ந்து பார்ப்போம். பெரும்பாலும் தேதி-இடம் கட்டமே போதுமானதாக இருந்திருக்கிறது.