நிவாரண முகாம்கள் மூடப்பட்ட பிறகு மனநல ஆலோசனையை எவ்வாறு தொடர்வது?

கேள்வி

வணக்கம். வெள்ளத்தால் வீடிழந்தவர்களுக்கு உதவிவரும் தன்னார்வக் குழு ஒன்றில் பணியாற்றுகிறேன். முகாம்கள் இயங்கியவரை வெளியூர் ஆலோசகர்கள் அங்கேயே தங்கி மக்களோடு பேசினார்கள். இப்போது முகாம்கள் மூடப்படுகின்றன. ஆலோசகர்களும் திரும்பிச் செல்கிறார்கள். மக்களோ உறவினர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் பாதி இடிந்த சொந்த வீடுகளிலுமாகச் சிதறிப்போகிறார்கள். தூக்கமின்மை, மழைச் சத்தம் கேட்டாலே ஏற்படும் பதற்றம், பெற்றோரை விட்டு ஒரு கணமும் விலக மறுக்கும் பிள்ளைகளின் அச்சம் ஆகியவை பலரிடம் இன்னும் தணியவில்லை. சுற்றுவட்டாரம் முழுமைக்கும் மனநல மருத்துவர் ஒருவர்தான் இருக்கிறார். கையிலுள்ள நன்கொடையைக் கொண்டு மீண்டும் ஓர் ஆலோசகர் குழுவை வரவழைப்பதா, தொலைபேசி வழி ஆலோசனை தொடங்குவதா, உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி அளிப்பதா என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மனநல மருத்துவர்)

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். பேரிடருக்குப் பின் வரும் அச்சமும் துயரமும் தூக்கமின்மையும் பெரும்பாலோருக்கு நோயல்ல. பாதுகாப்பான இருப்பிடமும் குடும்பத்தாரின் அருகாமையும் அன்றாட ஒழுங்கும் திரும்பும்போது அவை தாமாகவே தணியும். ஆகவே எல்லோருக்கும் ஆலோசனை அளிப்பதை இலக்காகக் கொள்ளாமல், தேவைப்படுபவரைத் தவறவிடாமல் இருப்பதையே இலக்காகக் கொள்ளுங்கள். நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கச் சொல்லி உணர்ச்சிகளைக் கொட்டவைக்கும் முறை பின்னாளைய மனவடுவைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், உலக சுகாதார அமைப்பு அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011ஆம் ஆண்டில் அவ்வமைப்பு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, கவனித்தல், செவிமடுத்தல், தேவையான உதவிகளோடு தொடர்புபடுத்துதல் ஆகிய மூன்றையே அடிப்படையாகக் கொண்டது. பேச விரும்பாதவரைப் பேசவைக்க அது இடந்தருவதில்லை.

முகாம்களில் பெரும்பாலும் கண்ணில் படாத ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். வெள்ளத்துக்கு முன்பே மனச்சிதைவு, இருமுனை மனநோய், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து உட்கொண்டவர்கள் மருந்துச் சீட்டையும் மாத்திரைகளையும் இழந்திருப்பார்கள். அவர்களுக்கு மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்வது வேறெந்த ஆலோசனைத் திட்டத்துக்கும் முன்னதாக நடக்க வேண்டும். அடுத்து, ஒரு மாதம் கடந்தும் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாதவர்களையும் தற்கொலை எண்ணம் உள்ளவர்களையும் அடையாளம் காண வேண்டும்.

வெளியிலிருந்து வரும் குழு எப்போதும் போய்விடும் குழுதான். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கு முன் இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் மனநலச் சேவை என்பது ஏறத்தாழ ஒரே ஒரு மனநல மருத்துவமனையாகவே இருந்தது. பேரழிவுக்குப் பின் வந்த கவனத்தையும் நிதியையும் கொண்டு அங்கே ஆரம்ப சுகாதார மையங்களின் செவிலியர்களுக்குப் பயிற்சி அளித்ததால், நிவாரணக் குழுக்கள் வெளியேறிய பிறகும் சேவை நிலைத்தது. உங்கள் பணமும் அந்த வழியிலேயே செலவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2 (சமூக நலப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்)

மருத்துவர் ஐயா கூறியதை முழுமையாக ஏற்கிறேன். உள்ளூர்ப் பயிற்சி என்றதும் இரண்டு நாள் பயிலரங்கும் சான்றிதழும் போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது போதாது. உலக சுகாதார அமைப்பு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்’ என்னும் முறை, மனநலப் பட்டம் பெறாதவர்களும் நடத்தத்தக்க ஐந்து அமர்வுகளைக் கொண்டது. மன அழுத்தத்தைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி, தீர்க்கக்கூடிய சிக்கலைத் தேர்ந்து படிப்படியாக அணுகுதல், கைவிட்ட வேலைகளைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்குதல், சுற்றத்தாரின் துணையை வலுப்படுத்துதல் ஆகியவையே அதன் உள்ளடக்கம். ஆனால் பயிற்சி பெற்றவர்களைத் தகுதியுள்ள ஒருவர் தொடர்ந்து சந்தித்து, அவர்கள் கையாளும் நேர்வுகளைக் கேட்டு நெறிப்படுத்தினால்தான் இம்முறை பயன் தரும். உங்களுக்கு ஒரே மனநல மருத்துவர்தான் என்றால், அவருடைய நேரத்தில் ஒரு பகுதியை இந்த மேற்பார்வைக்கு ஒதுக்கும்படி கேளுங்கள்.

பயிற்சிக்கு வருபவர்களும் அதே வெள்ளத்தில் வீட்டையும் உறவினரையும் இழந்தவர்களாக இருப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு ஓய்வும் ஊதியமும், விலகிக்கொள்ளும் உரிமையும் வேண்டும். துயரத்தைச் சுமப்பவரிடமே ஊதியமின்றி ஊராரின் துயரத்தையும் சுமக்கச் சொல்வது நியாயமன்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மேற்பார்வைக்குரிய தொகையைத் திட்டத்தில் சேர்க்க வலியுறுத்துவேன். எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. ஆலோசகர் அருகில் இருந்தபோதே ஆண்களும் முதியவர்களும் அவரை நாடி வரவில்லை. தொலைபேசி இதற்கு உதவுமா?

மறுமொழி 3 (பேரிடர் மீட்புப் பணியில் இருப்பவர்)

தொலைபேசி உதவும், ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் தங்கியிருக்கும்போது, கணவரின் முன்னிலையில் மனைவியோ மாமியாரின் முன்னிலையில் மருமகளோ மனம்விட்டுப் பேச முடியாது. செவித்திறன் குறைந்த முதியவருக்கும் அது பயன்படாது. தனிமை கிடைப்பவர்களுக்கும், முதல் சந்திப்புக்குப் பிந்தைய தொடர் விசாரிப்புக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் வராததற்கு வெட்கம் மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. இழப்பீட்டு விண்ணப்பம், தொலைந்த அடையாள ஆவணங்கள், கடன் தவணை ஆகியவற்றுக்காக அவர்கள் நாள் முழுவதும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைத் தூங்கவிடாத கவலையும் பெரும்பாலும் அதுவே. ஆகவே ஆலோசகரை அந்த வரிசை இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். ‘மனநல ஆலோசனை’ என்று பலகை வைக்காமல், விண்ணப்பம் நிரப்ப உதவும் மேசையில் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தினால், படிவத்தைப் பற்றிய பேச்சு தூக்கத்தைப் பற்றிய பேச்சாக இயல்பாகவே மாறும். அவ்வாறு பேசுபவருக்கு, அவர் விரும்பினால், தனியறையில் சந்திப்பு ஏற்பாடு செய்யலாம். அங்கே அவர் சொல்வது நிவாரணப் பட்டியலைத் தயாரிப்பவர்களுக்கு ஒருபோதும் போய்ச் சேராது என்ற உறுதியை முன்கூட்டியே கொடுங்கள். பேசினால் இழப்பீடு பாதிக்கப்படுமோ என்ற அச்சம் உண்மையானது.

மறுமொழி 1 (மனநல மருத்துவர்)

மேசை யோசனை சிறப்பானது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மேசையில் இருப்பவர் தற்கொலை எண்ணத்தைக் குறித்து ஒருவரிடம் நேரடியாகக் கேட்கத் தயங்கக் கூடாது. கேட்பதால் அவ்வெண்ணம் உருவாகிவிடாது. ‘ஆம்’ என்று பதில் வந்தால் யாரை அழைப்பது, மருத்துவமனைக்கு யார் உடன் செல்வது என்பதை மேசையைத் திறப்பதற்கு முன்பே எழுதி முடிவு செய்துவிடுங்கள்.